ஆராய்ச்சி அறமும் நம் சமுதாயமும்

நமது ஈக்காட்டுத்தாங்கலை அடுத்துள்ள கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1899ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அம்மை முதலிய கொள்ளை நோய்களை எதிர்த்து அங்கு நடந்த பணி நம் நகரத்தின் பெருமை. மருந்து எதுவாயினும், முதலில் சில மனிதர்மீது சோதிக்கப்பெற்ற பின்னரே பலருக்கும் பயன்படுகிறது. அச்சிலர் யாவர்? அவர்கள் அறிந்து இசைந்தனரா? அதனைக் கேட்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களின் வரலாற்றையும், அதில் உளவியல் கற்றோர்க்குரிய இடத்தையும் நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கப்பெற்றது. அதன் ஆய்வில் சேர்ந்த 193 ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே மருந்துண்டனர். மற்றையோர் சானடோரியத்தில் தங்கினர். இருவகையும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தமை 1959இல் வெளியாயிற்று. அதன்பின் உலகெங்கும் காசநோய் மருத்துவ முறை மாறிற்று. சென்னையின் ஏழை மக்கள் உலகிற்கு அளித்த கொடை இது.

ஆயினும், எளியோரிடமிருந்து பெறப்பட்டவை யாவும் கொடை ஆகா. நாஜி மருத்துவர்கள் கைதிகள்மீது நடத்திய கொடுஞ்சோதனைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், தாமே முன்வந்து தரும் ஒப்புதலின்றி எவர்மீதும் சோதனை கூடாதென 1947இல் வகுத்தது. அதன் பின்னரும், அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932இல் தொடங்கிய ஆய்வு 1972 வரை நீடித்தது. மேகநோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆடவர்க்குப் பெனிசிலின் வந்த பின்னரும் அது தரப்படவில்லை. அச்செய்தி வெளியானதன் விளைவாக, ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் குழுக்களுக்கு அந்நாடு 1974இல் சட்ட வலிமை அளித்தது.

உடலுக்கு நேரும் தீங்கு மட்டுமே தீங்கன்று. ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஆணைக்குப் பணிந்து பிறர்க்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பவைக்கப்பட்டோர் வியர்த்து நடுங்கினர். மருத்துவ உளவியலும் பயின்ற டயானா பாம்ரிண்ட் அம்மையார், ஆய்வுக்கு வந்தவரின் மனநலமும் தன்மதிப்பும் யார் காப்பில் உள்ளன என்று 1964இல் கேள்வி எழுப்பினார். ஆராய்ச்சி அறத்தின் வரலாற்றில் அக்கேள்விக்கு நிலையான இடமுண்டு. மேலும், அதிகாரத்தின்முன் மனிதர் எளிதில் பணிவர் என்பதே அவ்வாய்வு காட்டிய உண்மை. மருத்துவர்முன் ஏழை தலையசைப்பது ஒப்புதலா, அச்சமா? அதனைப் பிரித்தறியும் பயிற்சி உளவியலாளர்க்கு உண்டு.

நம் நாட்டில் நீதியரசர் எச்.ஆர். கன்னா தலைமையிலான குழு வகுத்த கொள்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் வெளியிட்டது. நீதியரசர் எம்.என். வெங்கடாசலையா தலைமையில் அமைந்த குழு 2000ஆம் ஆண்டில் விரிவான நெறிமுறைகளைத் தந்தது. ஆயினும் ஏட்டிலுள்ள நெறி மட்டும் போதாது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. அதில் பழங்குடிச் சிறுமியர் பலர் இருந்தனர். பரிசீலிக்கப்பெற்ற 9,543 ஒப்புதல் படிவங்களுள் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கடிந்துரைத்தது. குறை ஊசியில் அன்று. பெற்றோரைக் கேளாமையில் இருந்தது. தலைமை ஆசிரியர்களும் காப்பாளர்களுமாகிய நாம் இதை மறத்தல் ஆகாது. பிள்ளைகளைக் காக்கும் உரிமை நமக்குண்டு. பெற்றோர்க்குப் பதிலாக இசைவு தரும் உரிமை நமக்கில்லை.

2017ஆம் ஆண்டின் நெறிமுறைகளின்படி அறநெறிக் குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருத்தல் வேண்டும். மருத்துவருடன் சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளர், பொதுமக்களுள் ஒருவர் ஆகியோரும் இடம்பெறுவர். தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவராயிருத்தல் வேண்டும். எத்துறையினராயினும், அத்தகைய குழுவில் பணியாற்றிய அனுபவமுடையவராயிருத்தல் வேண்டும். மருத்துவரே தலைவராக வேண்டும் என்பதில்லை.

எனவே வழி திறந்தே உள்ளது. உளவியலில் பட்டமும் மேற்பட்டமும் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற மருத்துவ உளவியல் பயிற்சியை முடித்து, அம்மன்றத்தில் பதிவு செய்தல் முதற்படி. மருத்துவமனையில் நோயாளிகளின் சொல்லுக்குச் செவிசாய்த்தல் இரண்டாம் படி. தம் ஆய்வைத் தாமே குழுவின் பரிசீலனைக்கு உட்படுத்திப் பழகுதல் மூன்றாம் படி. பின்னர்க் குழுவின் உறுப்பினராகி, ஆண்டுகள் பல உழைத்து, தலைமை ஏற்கலாம். இது நெடிய பாதை. ஆனால் நம் பிள்ளைகளால் கடக்க இயலாத பாதையன்று.

ஆராய்ச்சியை வெறுத்து ஒதுங்குவது நமக்கு நன்மை தாராது. காசநோய்க்கு வழி கண்டதும் ஆராய்ச்சியே. சோதிக்கப்படுவோர் வரிசையில் நம் மக்கள் நெடுங்காலம் நின்றனர். சோதனை தகுமா என்று தீர்ப்பளிக்கும் இருக்கையிலும் இனி நம் மக்கள் அமர்தல் வேண்டும். நம் கல்விக் கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அத்தகையோர் சிலரேனும் இங்கிருந்து எழுவராக!