அஜித்துக்கு கார் ரேஸ் வெறும் ஹாபியா? 24 மணி நேர பந்தயம் எப்படி நடக்கும்? முழு விவரம்!

'அடுத்த படம் எப்போ?' என்று கேட்டுக்கொண்டிருந்த அஜித் ரசிகர்கள், 2025 ஜனவரியில் துபாய் ரேஸைப் பார்க்க விடிய விடிய கண்விழித்தார்கள். ஒரு ஹீரோ கார் ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது தொடங்கியது?

சினிமாவுக்கு வரும் முன்பே அஜித்துக்கு பைக் மீது காதல். மெக்கானிக் வேலையும் கற்றவர். நடிகராகப் புகழ் பெற்ற பிறகு, 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2004-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 போட்டிகளில் ஓட்டினார். இவை பெரும்பாலும் சின்னப் பசங்க ஓட்டும் போட்டிகள். அப்போது அவருக்கு 30 வயது தாண்டிவிட்டது. 40-ஐ நெருங்கும்போது, 2010-ல் ஃபார்முலா 2-விலும் களமிறங்கினார். அதன்பின் நீண்ட இடைவெளி. 2024-ல் 'அஜித்குமார் ரேஸிங்' என்ற சொந்த அணியை அறிவித்துத் திரும்பி வந்தார்.

ரேஸ் வேற, ராலி வேற!

பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ரேஸ் என்றால், மூடிய டிராக்கில் எல்லா கார்களும் ஒன்றாக ஓடும். ராலியில் காட்டுப்பாதை, மலைப்பாதை போன்ற இடங்களில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். நேரத்தை வைத்துத்தான் வெற்றி. பக்கத்து சீட்டில் வழி சொல்ல ஒரு 'கோ-டிரைவர்' இருப்பார். அஜித் ஓட்டுவது டிராக் ரேஸ்.

24 மணி நேரமும் ஒருவரே ஓட்டுவாரா?

இல்லை. ஒரு காரைப் பல டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். பெட்ரோல் நிரப்ப, டயர் மாற்ற, ஆள் மாற மட்டுமே கார் நிற்கும். 24 மணி நேரம் முடியும்போது அதிக சுற்றுகள் ஓடிய கார்தான் வின்னர். வேகம் மட்டும் போதாது, காரை உடையாமல் கொண்டுவந்து சேர்ப்பதும் முக்கியம். அஜித் அணி பயன்படுத்திய போர்ஷே 911 ஜிடி3 கப் காரின் இன்ஜின் சக்தி சுமார் 510 ஹெச்பி. உள்ளே அனல் அடிக்கும். தீப்பிடிக்காத உடையும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

துபாயில் என்ன நடந்தது?

ஜனவரி 7-ல் பயிற்சியின்போது அஜித்தின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. கார் நொறுங்கியது, அவருக்குக் காயமில்லை. ஆனால் ரேஸ் நடக்க சில நாள்தான் இருந்தது. நீண்ட நேரம் ஓட்டினால் உடலுக்கு அழுத்தம் அதிகம் என்பதால், அந்தக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகுவதாக அணி அறிவித்தது. ஏற்கெனவே பல அறுவை சிகிச்சைகளைக் கடந்த உடம்பு. அப்போது வயது 53.

தன் பெயரில் இருக்கும் அணியின் முக்கிய காரை மற்றவர்கள் ஓட்டட்டும் என்று விட்டுக்கொடுப்பது லேசான விஷயம் இல்லை. ஆனால் அந்தக் கார்தான் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அஜித் சும்மா உட்காரவில்லை, ஜிடி4 பிரிவில் வேறொரு காரை ஓட்டினார்.

உலக நடிகர்களும் இப்படித்தானா?

ஆமாம். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன், 1970-ல் காலில் கட்டுடன் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேர ரேஸில் ஓட்டி, அவரது கார் 2-வதாக வந்தது. பால் நியூமேன் இருந்த அணி 1979-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் 2-ம் இடம் பிடித்தது. 1995-ல் 70 வயதில், டேடோனாவில் தன் பிரிவில் ஜெயித்தார் நியூமேன். ராலி பக்கம் போனால், பிரான்ஸின் பாப் பாடகர் ஜானி ஹாலிடே 2002-ல் டக்கார் ராலியில் ஓட்டியிருக்கிறார்.

சினிமா என்னாகும்?

ரேஸ் சீசன் இல்லாத மாதங்களில் மட்டும் நடிப்பதே திட்டம் என அஜித் சொல்லியிருக்கிறார். அதாவது, இனி ஷூட்டிங் தேதிகளை முடிவு செய்யப்போவது ரேஸ் காலண்டர்தான்.