சரயேவோ தரும் படிப்பினை

பொஸ்னிய நாட்டின் தலைநகரான சரயேவோவில், மில்யாட்ஸ்கா ஆற்றங்கரையில், லாட வடிவ வளைவுகளும் வண்ணக் கண்ணாடி விதானமும் கொண்ட எழில்மிகு மாளிகை ஒன்று நிற்கிறது. வியேச்னித்ஸா என்பது அதன் பெயர். காண்போர் அதனை உதுமானியர் எழுப்பியதென எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. 1878இல் அந்நாட்டைத் தம் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த ஆஸ்திரிய-ஹங்கேரியர், கெய்ரோ நகரத்து மம்லூக் காலக் கட்டடங்களின் சாயலில் அதனை நகர மண்டபமாகக் கட்டி, 1896இல் திறந்தனர்.

1949இல் அது தேசிய, பல்கலைக்கழக நூலகமாயிற்று. முஸ்லிம்கள், கிறிஸ்தவர், யூதர் ஆகிய எல்லாச் சமூகத்தாரின் கல்விச் செல்வமும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தது. ஏறத்தாழ 15 இலட்சம் நூல்கள் அங்கிருந்தன. 1992 ஆகஸ்ட் 25ஆம் நாள் இரவு, நகரை முற்றுகையிட்டிருந்த பொஸ்னிய செர்பியப் படையினர் குன்றுகளிலிருந்து ஏவிய எரிகுண்டுகள் அவற்றுள் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. ஊழியரும் நகரத்தாரும் கைக்குக் கை மாற்றி மீட்டவை சிலவே. அதே ஆண்டு மே 17இல் அந்நகரின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் எரிந்தபோது, அரபு, பாரசீக, துருக்கிக் கையெழுத்துப் பிரதிகள் ஐயாயிரத்துக்கு மேல் அழிந்திருந்தன.

மாளிகை செப்பனிடப்பெற்று 2014 மே 9இல் மீண்டும் திறக்கப்பெற்றது. இன்று அங்கு இசை நிகழ்ச்சிகளும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. தேசிய நூலகமோ வேறிடத்தில் இயங்குகிறது. கலைகள் அங்குக் குடிபுகுந்ததை நாம் குறைகூறவில்லை. பாழாய்க் கிடப்பதினும் அது மேலானதே. ஆயினும், வரைபடமும் பொருளும் இருந்தால் வளைவுகளை மறுபடியும் எழுப்பலாம். உலகில் ஒரே பிரதியாக இருந்த கிதாபை எந்தக் கொத்தனார் எழுப்புவார்?

இதே நகரில் மற்றொரு வரலாறும் உண்டு. காஜி குஸ்ரவ் பேக் என்னும் ஆளுநர் 1537இல் தம் மதரஸாவுக்கு வக்ஃபு எழுதியபோது, கட்டடச் செலவு போக எஞ்சும் பணத்தில் கிதாபுகள் வாங்குமாறு விதித்தார். அவ்வழி வளர்ந்த நூலகத்தின் அரிய ஏடுகளைப் போர்க்காலத்தில் ஊழியர்கள் பெட்டிகளில் அடைத்து, குண்டுமழைக்கிடையே இடம்விட்டு இடம் பலமுறை சுமந்து காத்தனர். அவ்வேடுகளை அறிஞர்கள் இன்றும் புரட்டுகின்றனர்.

நம் இல்லத்துப் பெட்டிகளிலும் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ் ஏடுகள் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுப்போம்; படியெடுத்து இரண்டிடத்திலேனும் வைப்போம். அழிந்தபின் வருந்துவதால் ஓர் எழுத்தும் திரும்பாது.