ரண சிகிச்சையும் நோயாளியின் சம்மதமும்

ரண சிகிச்சைக்கு உட்படும் ஒவ்வொருவர் முன்னும் ஆஸ்பத்திரியில் ஒரு தாள் வைக்கப்படுகிறது. செய்யப்படவிருக்கும் சிகிச்சையை அறிந்து அதற்குச் சம்மதிப்பதாக நோயாளி அதில் கையொப்பமிட வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. வேற்று மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அத்தாளின் மொழியே புரியாமற்போவதும் உண்டு. ஆயினும் அக்கையொப்பம் எளிதிற் கிட்டிய உரிமையன்று. இதனை அந்தமான் தீவுகளின் சரித்திரம் நமக்கு நன்கு உணர்த்தும்.

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி ஹேடோ. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் பயணிகள் கப்பல்கள் அங்குள்ள துறையிலேயே கரை சேர்கின்றன. அதனை அடுத்துள்ளது சாத்தம் தீவு. ஆங்கிலேயர் 1789-ல் அங்கு நிறுவிய முதற் குடியேற்றம் பின்னர் வடக்கே மாற்றப்பட்டது. நோயும் மரணமும் மிகுந்தமையால் 1796-ல் அதுவும் கைவிடப்பட்டது. 1858 மார்ச் 10-ஆம் நாள் 200 கைதிகளுடன் வந்திறங்கி, மீண்டும் குடியேற்றத்தை நிறுவியவர் ஜே. பி. வாக்கர். அவர் சிறை அதிகாரி, ஒரு வைத்தியருங்கூட. கைதியின் உடலைக் காப்பதும் தண்டிப்பதும் ஒரே ஆட்சியின் கையில் இருந்தன. அத்தகைய இடத்தில் நோயாளியின் விருப்பத்திற்கு மதிப்பு ஏது?

அதே நூற்றாண்டில் ரண சிகிச்சை புதுப்பிறவி எடுத்தது. அதுகாறும் நோயாளியைப் பலர் பிடித்துக்கொள்ள, வைத்தியர் விரைந்து அறுப்பதே வழக்கம். 1846 அக்டோபர் 16-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் பயன் பலரறிய மெய்ப்பிக்கப்பட்டது. மறு ஆண்டே அது கல்கத்தாவை எட்டியது. 1867-ல் லிஸ்டர் கிருமி ஒழிப்பு முறையை வெளியிட்டார். வலியும் சீழும் குறைந்தன. ஆனால் மயங்கிக் கிடக்கும் நோயாளி தன் உடலை முழுவதும் பிறர் கையில் ஒப்படைக்கிறார். ஆகவே மயங்குவதற்கு முன்னர் அவர் சொல்லும் சொல்லுக்கு முன்னினும் பெருமதிப்பு வேண்டும் என்பது மெல்ல உணரப்பட்டது.

அவ்வுணர்வு இல்லாத இடத்தில் வைத்தியக் கருவியும் கொடுமைக் கருவியாகும். 1906-ல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையில் 1933 மே மாதம் அரசியற் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினர். அவர்களைப் பிடித்து அமுக்கி, மூக்கு வழியே குழாய் செலுத்திப் பால் புகட்டினர். பால் நுரையீரலுட் புகுந்ததால் மகாவீர் சிங் உயிர் நீத்தார். மோகன் கிஷோர் நாமதாஸும் மோகித் மைத்ராவும் அம்மாதமே மாண்டனர்.

விடுதலைக்குப்பின் அச்சிறை வளாகத்திலேயே, 1963-ல், கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரி அமைந்தது. மறுத்தவர் வாயடைக்கப்பட்ட அதே நிலத்தில், இன்று நோயாளியிடம் சம்மதம் கேட்ட பின்னரே கத்தி எடுக்கப்படுகிறது. காலம் செய்த இம்மாறுதலைச் சிறிதென்று சொல்லலாகுமோ?

2008 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வுரிமையைத் தெளிவுறுத்தியது. சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும் என்றது. ஒன்றுக்குப் பெற்ற சம்மதம், உயிர்காக்கும் அவசரம் நேர்ந்தாலன்றி, மற்றொன்றுக்குச் செல்லாது. அவ்வழக்கில், மயக்கத்திலிருந்த வயதுவந்த பெண்ணுக்காக அவருடைய தாயார் அளித்த சம்மதத்தைக்கூட நீதிமன்றம் ஏற்கவில்லை. பெற்றவளுக்கே இல்லாத அதிகாரம் வேறு யாருக்கு உண்டு?

ஆகவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் நாம் செய்ய வேண்டுவன சில உள. என்ன நோய், எந்தச் சிகிச்சை, என்ன அபாயம், வேறு வழி உண்டா என்று வைத்தியரிடம் தயங்காது கேட்போம். மொழி புரியாவிடில், இருமொழியும் நன்கறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். அவர் விளக்குபவரேயன்றி நமக்காக முடிவு செய்பவர் அல்லர். உட்கொள்ளும் மருந்துகள், முன் செய்த சிகிச்சைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதி வைப்போம். நகையையும் பொய்ப்பல்லையும் முன்கூட்டியே கழற்றிவிடுவோம். ஊரை விட்டு வந்திருப்போர், இரத்தம் தேவைப்பட்டால் யார் தருவர், அறை வாயிலில் யார் காத்திருப்பர் என்பதை நண்பருடன் முன்னரே பேசி முடிவு செய்தல் நன்று.

உண்ணாதிருக்கச் சொல்வதன் காரணத்தையும் அறிந்துகொள்வோம். மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுட் புகக்கூடும். வழக்கமாக எளிய திட உணவுக்கு 6 மணி நேரமும் தெளிந்த நீருக்கு 2 மணி நேரமும் இடைவெளி வேண்டும். எனினும் நமக்குரிய நேரத்தை நம் வைத்தியரே சொல்வார். உண்ணாவிரதியின் நுரையீரலிற் புகுந்த பால் உயிரைப் பறித்ததை நினைத்தால் இவ்விதியின் அருமை விளங்கும்.

கடல் கடந்தோ ரயிலேறியோ பிழைக்க வந்த இடத்தில் உறவினர் அருகில் இல்லாதிருக்கலாம். ஆனால் நம் உடலைப் பற்றி இறுதிச் சொல் சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கிறது. அதைக் கேள்வியோடும் அறிவோடும் கையாள்வோமாக.