மரச்சீனியும் பயறும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடி வெளியூர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பிறந்த ஊரின் நினைவு முதலில் நாவிலேதான் எழுகின்றது. நம் காலனியில் மரச்சீனிக் கிழங்கு அவியும் நாளெல்லாம் நமக்கு ஊர்த் திருநாளே. அவ்வுணவின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிவது நலமெனக் கருதி இதனை வரைகின்றோம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் அதனைச் சேர்ந்த பாறசாலையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஆட்சி வேறாயிற்று, அடுக்களை வேறாகவில்லை.

அவ்வடுக்களையின் மூத்த செல்வம் பலா. மார்த்தாண்டவர்மர் பகைவரிடமிருந்து ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது நெய்யாற்றின்கரையில் வழங்கும் கதை. அம்மரமெனப் போற்றப்படும் ‘அம்மச்சிப் பிலாவு’ கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் உள்ளது. பிஞ்சு துவரனாகவும், காய் புழுக்காகவும், கொட்டை குழம்பாகவும் ஆவதால் ஏழையின் வீட்டிலும் பலா பட்டினியைத் தடுத்தது. தமிழ்நாட்டின் மாநிலக் கனியும் பலாவே; 2018இல் கேரளமும் அதனையே தன் கனியாக அறிவித்தது.

மரச்சீனியோ தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா தாவர நூலறிவு மிக்கவர். அவர் இக்கிழங்கின் பயிரை ஊக்குவித்தார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சோற்றுக்கு ஏங்கிய அந்நாளில் எண்ணற்ற குடும்பங்களைக் காத்தது இக்கிழங்கே. 1963இல் திருவனந்தபுரத்து ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர்களுக்கென மத்திய ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் இதன் சிறப்பை உணர்த்தும்.

எனினும் கிழங்கு தனித்து உடலை வளர்க்காது. 100 கிராம் மரச்சீனியில் புரதச்சத்து ஏறக்குறைய ஒரு கிராமே; அதே அளவு சிறுபயற்றில் ஏறக்குறைய 24 கிராம் உண்டு. கிழங்கோடு மீன் உண்பது அவ்வூரில் பலர் வழக்கம். மரக்கறி உண்போர் வீடுகளில் அவ்விடத்தைப் பயறு நிரப்பிற்று. முருங்கைக் கீரையும் தேங்காயும் மோரும் உடன் சேர்ந்தன. பச்சைக் கிழங்கில் நச்சுத்தன்மை உண்டாதலின், தோலுரித்து நறுக்கி, நீர் மிக விட்டு வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டும் முறையையும் நம் பாட்டிமார் தவறாது காத்தனர். நூலறியாத அவர்தம் கைப்பழக்கத்தை இன்றைய அறிவியலும் ஒப்புகின்றது.

இன்று நாம் செய்வதென்ன? ஊர் நினைவுக்காகக் கிழங்கை எண்ணெயில் வறுத்துக் கொறிக்கின்றோம். பயற்றுக் கஞ்சியை நோயாளியின் உணவென ஒதுக்குகின்றோம். கிழங்கைக் கொண்டுவந்தோம், அதன் துணையை ஊரிலேயே விட்டுவந்தோம். மரக்கறி மட்டும் உண்பதால் உடல்நலம் தானே வந்துவிடாது; கிழங்கும் பயறும் கீரையும் மோரும் ஒருங்கே அமைந்த இலைதான் நலந்தரும். பஞ்ச காலத்தில் நம் முன்னோர் குறைந்த பொருளைக் கொண்டு அவ்விலையை நிறைத்தனர். நிறைந்த காலத்தில் வாழும் நாம் அதனைக் குறைத்துவிடலாகாது. அடுத்த ஆண்டு விழாப் பந்தியில் மரச்சீனிக்கு அருகே பயறும் கீரையும் இடம்பெறட்டும்.