கிராஞ்சிக் குன்றும் நம் சிறாரும்

சரித்திரம் என்றவுடன் நம் சிறார் கொட்டாவி விடுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. 1942-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது என்னும் ஒரு வரியை நெட்டுருப் பண்ணச் செய்துவிட்டு, அதுவே சரித்திர ஞானமென்று நாம் திருப்தியடைகின்றோம். நெட்டுருவில் கண்ணீர் ஏது?

பிள்ளைகளைக் கிராஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1957-இல் திறந்து வைக்கப்பெற்ற அப்போர் நினைவிடத்தில், குன்றின் சரிவெங்கும் 4,400-க்கு மேற்பட்டோர் துயில்கின்றனர். பெற்றோரே, ஆசிரியரே, சென்றதும் பிரசங்கம் தொடங்கிவிடாதீர்கள்! தளபதிகளின் பட்டங்களும் பீரங்கிகளின் தொகையும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு வெண்கல்லின் முன் பிள்ளையை நிறுத்தி, அதிற் பொறித்த வயதைப் படிக்கச் சொல்லுங்கள். இருபதோ இருபத்திரண்டோ என்று படித்த பிள்ளை, தன் அண்ணனை நினைத்துக்கொள்ளும். பின்னர், அடையாளந் தெரியாமற் புதைக்கப்பெற்ற 850-க்கு மேற்பட்டோரின் கற்களுள் ஒன்றைக் காட்டுங்கள். பெயரில்லாத கல்லைக் கண்டு குழந்தை கேட்கும் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகமும் ஈடாகாது.

குன்றின் உச்சியில், விமானச் சிறகனைய கூரையின் கீழ் நிற்கும் சுவர்களில், கல்லறையே இல்லாத 24,000-க்கு மேற்பட்டோரின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றுள் உண்டு. தத்தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பெற்ற ஏறத்தாழ 800 பேருக்கும் ஆங்கே தனிச்சின்னம் உளது; அவருட் பெரும்பாலோர் இந்தியப் படையினரே. நுழைவாயிலில் உள்ள பதிவேட்டைப் பிள்ளையே புரட்டி ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். தானே தேடிக் கண்ட பெயரை அஃது எளிதில் மறவாது.

ஆனால், தோட்டத்துப் பிள்ளை வேறொன்றும் கேட்கக்கூடும்: “சயாமுக்குப் போன நம் பூட்டனார் பெயர் எங்கே?” இதற்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதையை ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை வார்த்தையாலும் பலவந்தத்தாலும் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைக் கொன்று குவித்தன. அங்கு மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள. சிப்பாய்க்குப் பட்டாளத்தின் பெயர்ப்பட்டியல் இருந்தது. கூலிக்கு அவ்விதம் பெயர் எழுதி வைத்தார் இல்லை. ஆகவேதான் மாண்ட தொழிலாளர் தொகையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறுகின்றனர். இவ்வநீதியைக் குழந்தையிடம் மறைப்பானேன்? பெயர் இருப்பதும் சரித்திரம், இல்லாததும் சரித்திரம்.

திரும்பும் வழியில் பீச் ரோட்டுக்கும் செல்லலாம். 1962-இல் சிக்லாப்பில் எலும்புக்குவியல்கள் வெளிப்பட்ட பின்னர், ஜப்பானியரால் மாண்ட பொதுமக்களுக்காக எழுப்பப்பெற்று, 1967-இல் திறக்கப்பெற்ற சின்னம் அங்குள்ளது. சீனரே மிகுதியாகக் கொல்லப்பட்டனர். ஆயினும் நான்கு இனத்தாரையும் குறிக்கும் நான்கு தூண்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றன. கல்வெட்டிலே தமிழும் உண்டு. அதைப் பிள்ளையே உரக்கப் படிக்கட்டும்.

வீடு திரும்பியதும் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். சயாமுக்குப் போனவர் பெயர், அவர் இருந்த தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா இல்லையா — பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் கேட்டு எழுதட்டும்.