ஜியார்டியாசிஸும் பிற குடல் ஒட்டுண்ணித் தொற்றுகளும்: மலைப்பகுதி மக்களுக்கான விளக்கம்

மனிதக் குடலில் தங்கி, அங்குள்ள சத்துகளையோ இரத்தத்தையோ கொண்டு உயிர்வாழும் உயிரிகள் குடல் ஒட்டுண்ணிகள் எனப்படும். இவை இரு வகைப்படும். ஜியார்டியா, அமீபா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற, கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிரிகள் ஒரு வகை. கொக்கிப்புழு, உருண்டைப்புழு, சாட்டைப்புழு, ஊசிப்புழு, நாடாப்புழு போன்ற புழுக்கள் மற்றொரு வகை.

இவ்விரு வகைக்கும் மருந்து ஒன்றல்ல. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரை புழுக்களுக்கு உரியது. அதன் ஒருவேளை அளவு ஜியார்டியாவைக் குணப்படுத்தாது. ‘பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று’ என்று எண்ணி, வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கைக் கவனியாது விட்டால், குழந்தை எடை குறைந்து நலிவடையும். ஆகவே, நீடித்த வயிற்றுப்போக்கிற்கு மலப் பரிசோதனை செய்து, காரணம் அறிந்து மருந்து உட்கொள்வதே முறையாகும்.

மலைநீரும் ஜியார்டியாவும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் செல்லும் மலைப்பாதையில் அமைந்துள்ள ஊர் பர்லியார். 1871-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு தோட்டக்கலைப் பண்ணையும் சாலையோரப் பழக்கடைகளும் இவ்வூரின் அடையாளங்கள். இத்தகைய மலை ஊர்களிலும், பழங்குடியினர் குடியிருப்புகளிலும், தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் ஊற்றுநீரையும் ஓடைநீரையும் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. தெளிந்து குளிர்ந்திருக்கும் நீரைத் தூயது எனக் கருதுவது இயல்பே. எனினும் பின்வருவனவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

• ஜியார்டியா, தடித்த உறையுடைய நீர்க்கட்டி வடிவில் மலத்துடன் வெளியேறுகிறது. ஒரு நீர்க்கட்டியின் நீளம் ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் மட்டுமே. அது நீரில் கலந்திருந்தாலும் நிறமோ சுவையோ மாறாது.
• குளிர்ந்த நீரில் இந்நீர்க்கட்டிகள் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கிலும் உயிருடன் இருக்கும். எனவே மலைநீரின் குளிர்ச்சி கிருமிக்குச் சாதகமாகவே அமைகிறது.
• மலைச்சரிவில் நீர் மேலிருந்து கீழ்நோக்கி வருகிறது. மேற்புறக் குடியிருப்பின் கழிவுத் தொட்டிக் கசிவும், திறந்தவெளியில் கழித்த மலமும், கால்நடைக் கழிவும் மழைநீருடன் கீழ்ப்புற ஓடையில் சேரக்கூடும். பருவமழையின்போது மண் சரிந்து குழாய்கள் உடைந்தால் ஆபத்து மிகும்.
• வழக்கமான அளவு குளோரின் பாக்டீரியாக்களை விரைவில் அழிக்கும். ஜியார்டியாவை அழிக்க அது நெடுநேரம் நீரில் கலந்திருக்க வேண்டும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம் தேவை. கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை.

பத்து நீர்க்கட்டிகள் அளவிலேயே உடலுக்குள் சென்றாலும் தொற்று ஏற்படக்கூடும். நீர் மட்டுமின்றி, கழுவாத கைகள், கழுவாமல் உண்ணும் காய்கனிகள், நோயுற்ற குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்தபின் கைகழுவாமை ஆகியவற்றாலும் இது பரவும். ஒரு வீட்டில் ஒருவருக்கு ஏற்பட்டால் மற்றவர்களுக்கும் பரவுவது இதனால்தான்.

ஜியார்டியாசிஸின் அறிகுறிகள்

கிருமி உடலுக்குள் சென்று ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அறிகுறிகள் தோன்றும். சிலருக்கு எந்த அறிகுறியும் இராது. எனினும் அவர்கள் மூலம் பிறருக்குப் பரவும்.

• நீர்த்த அல்லது கொழகொழப்பான மலம், மிகுந்த துர்நாற்றம், எண்ணெய்ப் பசையுடன் நீரில் மிதத்தல்
• வயிறு உப்புசம், வாயுத் தொல்லை, வயிற்றுப் பிடிப்பு
• குமட்டல், பசியின்மை, நாற்றமுடைய ஏப்பம்
• களைப்பு, எடை குறைதல்

ஜியார்டியாசிஸில் மலத்துடன் இரத்தம் வெளியேறுவதில்லை. கடும் காய்ச்சலும் பொதுவாக இராது. இவை இருப்பின் வேறு காரணத்தை ஆராய வேண்டும். அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்கள் நீடிக்கும். சிலருக்கு விட்டுவிட்டு மாதக்கணக்கில் தொடரும். இந்த ஒட்டுண்ணி சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கொழுப்பும் வைட்டமின்களும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. இதனால் நீண்டகாலத் தொற்றுடைய குழந்தைகளின் எடையும் உயரமும் வயதிற்கேற்ப உயராமல் போகக்கூடும்.

பிற குடல் ஒட்டுண்ணிகள்

அமீபா: மலத்துடன் சீதமும் இரத்தமும் வெளியேறும் சீதபேதியை உண்டாக்கும். சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டியை ஏற்படுத்தும். காய்ச்சலுடன் வலது விலா எலும்பின் கீழ் வலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கிரிப்டோஸ்போரிடியம்: நீர்போன்ற வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கும், எச்.ஐ.வி. உள்ளிட்ட காரணங்களால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கடுமையாக அமையும்.

கொக்கிப்புழு: இது குடிநீரால் அன்றி, பெரும்பாலும் மண்ணால் பரவுகிறது. இதன் இளம்புழுக்கள் வெதுவெதுப்பான, ஈரமான, நிழல்படிந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும். எனவே உயர்ந்த குளிர்ப்பகுதிகளைவிடத் தாழ்ந்த மலைச்சரிவுகளில் செருப்பின்றி வேலை செய்வோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். நுழைந்த இடத்தில் அரிப்பு தோன்றலாம். குடலில் தங்கும் புழு நாள்தோறும் சிறிதளவு இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்தசோகை, மூச்சிரைப்பு, களைப்பு ஆகியவை ஏற்படும். தோட்டத் தொழிலாளர்களிடையே இது நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களுக்கு மண்டபம் முகாமில் இதற்கென மருந்து கொடுக்கப்பட்டது. அண்மையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய ‘டிவார்ம்3’ ஆய்விலும், மண்வழிப் பரவும் புழுக்களுள் கொக்கிப்புழுவே மிகுதியாகக் காணப்பட்டது.

உருண்டைப்புழு, சாட்டைப்புழு: முட்டைகள் கலந்த மண், கழுவாத காய்கறி, அழுக்கான கைகள் வழியே பரவும். நாக்குப்பூச்சி என மக்கள் வழங்குவது உருண்டைப்புழுவையே. இவை மிகுதியாக இருப்பின் குடல் அடைப்பும் ஏற்படக்கூடும்.

ஊசிப்புழு: கீரிப்பூச்சி எனவும் வழங்கப்படும். இரவில் ஆசனவாயில் அரிப்பை உண்டாக்கும். குழந்தையின் தூக்கம் கெடும்.

நாடாப்புழு: சரியாக வேகாத மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வழியே பரவும். பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் உடலுக்குள் சென்றால் மூளையில் கட்டிகள் உருவாகி வலிப்பு ஏற்படலாம்.

நோயைக் கண்டறிதல்

மலத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதே அடிப்படைப் பரிசோதனை. 1681-ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆண்டனி வான் லீவன்ஹூக் தமது மலத்தைத் தாம் செய்த நுண்ணோக்கியில் பார்த்தபோது ஜியார்டியாவை முதன்முதலாகக் கண்டார் எனக் கருதப்படுகிறது. இன்றும் அம்முறையே பெரிதும் பயன்படுகிறது.

ஜியார்டியா எல்லா நாள்களிலும் மலத்துடன் வெளியேறுவதில்லை. ஆகவே ஒருமுறை ‘இல்லை’ என்று முடிவு வந்தாலும் தொற்று இல்லை என உறுதி கூற இயலாது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரிகளைக் கொடுத்தால் கண்டறியும் வாய்ப்பு பெரிதும் கூடும். வசதியுள்ள ஆய்வகங்களில் ஆன்டிஜென் பரிசோதனையும் பி.சி.ஆர். பரிசோதனையும் செய்யப்படுகின்றன.

மாதிரி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• ஆய்வகத்தில் தரப்படும், உலர்ந்த, அகன்ற வாயுடைய மூடியுள்ள குப்பியைப் பயன்படுத்தவும்.
• மலத்துடன் சிறுநீரோ தண்ணீரோ மண்ணோ கலக்கக் கூடாது.
• நீர்த்த மலமாயின் கூடிய விரைவில், இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்க்கவும். தொலைவில் வசிப்போர், மருத்துவமனைக்கு வந்து மாதிரி கொடுப்பது நல்லது.
• அண்மையில் உட்கொண்ட மருந்துகளை, குறிப்பாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை, மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

ஊசிப்புழுவின் முட்டைகள் மலத்தில் அரிதாகவே காணப்படும். காலையில் குளிப்பதற்கும் மலம் கழிப்பதற்கும் முன்னர் ஆசனவாய்ப் பகுதியில் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்துப் பரிசோதிப்பர். கொக்கிப்புழு ஐயம் இருப்பின் ஹீமோகுளோபின் அளவையும் அறிய வேண்டும்.

சிகிச்சை

மருந்தின் அளவு வயது, எடை, கருவுற்ற நிலை, பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கீழ்க்காணும் விவரங்கள் மருத்துவர் கூறுவதைப் புரிந்துகொள்ள உதவும். தாமாக மருந்து வாங்கி உட்கொள்வதற்கு அல்ல.

• ஜியார்டியாசிஸ்: டினிடசோல் ஒரே வேளை (பெரியவர்களுக்கு 2 கிராம்); அல்லது மெட்ரோனிடசோல் ஐந்து முதல் ஏழு நாள்கள்; அல்லது நிட்டசோக்சனைடு மூன்று நாள்கள்.
• அமீபா: மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல். அதன்பின் குடலில் எஞ்சும் நீர்க்கட்டிகளை அழிக்க டைலாக்சனைடு போன்ற இரண்டாவது மருந்து. இதனை விட்டுவிட்டால் நோய் திரும்பும்.
• கிரிப்டோஸ்போரிடியம்: நீரிழப்பைச் சரிசெய்தலே முதன்மை, தேவைப்படின் நிட்டசோக்சனைடு.
• கொக்கிப்புழு, உருண்டைப்புழு: அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. சாட்டைப்புழுவிற்கு மூன்று நாள்கள். இரத்தசோகை இருப்பின் இரும்புச்சத்து மாத்திரைகளும் தேவை.
• ஊசிப்புழு: அல்பெண்டசோல் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒரு வேளை. வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நாளில் கொடுக்கப்படும்.
• நாடாப்புழு: பிராசிகுவான்டல் அல்லது நிக்லோசமைடு, மருத்துவக் கண்காணிப்பில்.

மெட்ரோனிடசோல், டினிடசோல் உட்கொள்ளும் நாள்களிலும், முடித்தபின் மூன்று நாள்கள் வரையிலும் மது அருந்தக் கூடாது. அருந்தினால் கடும் வாந்தி, படபடப்பு ஏற்படலாம். வாயில் உலோகச் சுவை தோன்றுவதும் சிறுநீர் கருத்துப் போவதும் இம்மருந்துகளால் நேரக்கூடியவை. அதற்காக மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. கருவுற்றிருப்போரும் பாலூட்டும் தாய்மாரும் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

வீட்டில் பராமரிப்பு

• ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்டபின்னும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். கொதிக்கவைத்து ஆறிய நீரிலேயே கரைக்கவும்.
• குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையை 14 நாள்கள் கொடுக்கவும். வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் நிறுத்தக் கூடாது.
• தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. கஞ்சி, இட்லி, குழைந்த சோறு ஏற்றவை.
• ஜியார்டியாசிஸிற்குப் பின் சில வாரங்கள் பால் செரிமானம் ஆகாமல் உப்புசமும் வயிற்றுப்போக்கும் தொடரலாம். இது மருந்து பலனளிக்கவில்லை என்பதற்கு அடையாளமன்று. சிலகாலம் பாலைக் குறைத்துத் தயிர், மோர் கொடுத்துப் பார்க்கலாம். பின்னரும் தொடர்ந்தால் மலத்தை மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

கொதிக்கவைத்தலே மிக நம்பகமான முறை. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். இவ்வெப்பமும் ஜியார்டியாவை அழிக்கப் போதுமானதே. எனினும் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில், நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும். குன்னூர், பர்லியார் போன்ற தாழ்ந்த இடங்களில் ஒரு நிமிடம் போதும். ஆறிய நீரை மூடிய பாத்திரத்தில் வைத்து, நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் எடுக்கவும். வடிகட்டி வாங்குவோர், ஒரு மைக்ரானோ அதற்கும் நுண்ணியதோ ஆன துளைகளை உடையதா எனக் கேட்டு வாங்கவும்.

• மலம் கழித்தபின்னும், உணவு சமைக்கும் முன்னும், உண்ணும் முன்னும் சோப்பிட்டுக் கைகழுவவும். கைச் சுத்திகரிப்புத் திரவம் நீர்க்கட்டிகளை நன்கு அழிப்பதில்லை.
• பயணத்தின்போது சாலையோர ஊற்றுநீரை அப்படியே குடிக்கக் கூடாது. பழங்களைத் தூய நீரில் கழுவி, தோலுரித்து உண்ணவும்.
• கழிப்பறையையே பயன்படுத்தவும். கழிவுத் தொட்டி, ஊற்றுக்கோ கிணற்றுக்கோ மேற்புறம் அமையலாகாது.
• தோட்டத்திலும் வயலிலும் செருப்போ காலணியோ அணியவும்.
• வயிற்றுப்போக்கு உள்ளவர் ஓடையில் குளிக்கவோ பிறருக்குச் சமைக்கவோ கூடாது.

தேசியக் குடற்புழு நீக்க முகாம் 2015 முதல் நடைபெற்று வருகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுவரை அரை மாத்திரையும், இரண்டு முதல் 19 வயதுவரை ஒரு மாத்திரையும் வழங்கப்படும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுவரையுள்ள, கருவுறாத, பாலூட்டாத பெண்களுக்கும் வழங்கப்படுகிறது. இம்மாத்திரையைத் தவறாது உட்கொள்ளவும். அதனை மலப் பரிசோதனைக்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• வயிற்றுப்போக்கு ஏழு நாள்களுக்கு மேல் நீடித்தால்
• மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தால்
• குழந்தையின் கண்கள் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, சோர்ந்து காணப்பட்டால், அல்லது குடித்ததெல்லாம் வாந்தியானால் (உடனடியாக)
• எடை குறைந்தால், அல்லது முகமும் நாக்கும் வெளுத்துக் காணப்பட்டால்
• கருவுற்றோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால்

அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ முதலில் அணுகவும். மேல்சிகிச்சைக்குக் குன்னூர் அரசு லாலி மருத்துவமனையும் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கவும். ஒரே ஊரில் பலருக்கு ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், குடிநீர் ஆதாரத்தைப் பரிசோதிப்பதற்காகக் கிராம சுகாதார செவிலியரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ உடனே தெரிவிக்கவும்.