ஊசியும் செய்தியும்: இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பும் நோய்க் கண்காணிப்பின் வளர்ச்சியும்

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்த வரலாறு பெரும்பாலும் தடுப்பூசியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1796-இல் எட்வர்ட் ஜென்னர் இங்கிலாந்தில் பசு அம்மைப்பாலைச் சோதித்தார். ஆறே ஆண்டுகளில், 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் பால் குத்தப்பட்டது. 1880-இல் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றி, கன்றுகளிலிருந்து அம்மைப்பால் தயாரித்துச் சென்னை மாகாணத்துக்கு வழங்கியது. இந்த வரிசையில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. பாதுகாக்கும் மருந்து 1802-லேயே கைக்கு வந்துவிட்டது. நோய் அகன்றதோ 1975-இல். இடைப்பட்ட 173 ஆண்டுகளுக்கு வெப்பத்தில் கெட்டுப்போகும் அம்மைப்பாலும், மக்களின் தயக்கமும், போதாத ஆட்களும் காரணங்கள்தாம். ஆனால் முதலிரண்டும் பெருமளவு தீர்ந்த பிறகும் நோய் போகவில்லை. நோய் எங்கே இருக்கிறது என்ற செய்தி உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேராததே கடைசித் தடை என்பதும், அதை நீக்கியதில் பொதுமக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1962-இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தின் இலக்கு, மூன்று ஆண்டுகளில் மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினருக்கு அம்மை குத்துவது. காகிதத்தில் எண்ணிக்கை வேகமாக ஏறியது. ஆனால் 1961 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 44 கோடி. இலக்கு முழுதாக நிறைவேறினாலும் ஒன்பது கோடிப் பேர் விடுபட்டிருப்பார்கள். அவர்கள் நாடெங்கும் சீராகப் பரவியிருக்கவும் இல்லை. நகரச் சேரிகளிலும், பிழைப்புக்காக ஊர் மாறும் கூலிக் குடும்பங்களிலும், கைக்குழந்தைகளிலும் குவிந்திருந்தார்கள். மாத இலக்கை எட்டவேண்டிய ஊழியருக்கு எளிதில் கிடைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஏற்கெனவே தழும்பு இருந்த கையிலேயே மறுபடியும் குத்தினாலும் பதிவேட்டில் அது ஓர் எண்தான். எத்தனை பேருக்குக் குத்தினோம் என்பதை அந்தப் பதிவேடு சொன்னது. யாரெல்லாம் விடுபட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

1966 இறுதியில் கிழக்கு நைஜீரியாவில் மருந்துத் தட்டுப்பாடு ஒரு மாற்று வழியைத் திறந்தது. எல்லோருக்கும் குத்த மருந்து போதாத நிலையில், மருத்துவர் வில்லியம் ஃபேகியும் அவருடைய குழுவினரும் நோய் கண்ட ஊர்களைத் தேடிப் பிடித்து, நோயாளியைச் சுற்றியிருந்தவர்களுக்கு மட்டும் குத்தினார்கள். பரவல் நின்றது. பெரியம்மையின் இயல்பு இதற்குத் துணைநின்றது. தொற்றியதிலிருந்து காய்ச்சல் வர ஏறக்குறைய 12 நாள் ஆகும். முத்துகள் எழும்வரை பிறருக்குப் பரவுவது அரிது. தொற்றிய மூன்று நான்கு நாளுக்குள் குத்திக்கொண்டவருக்கும் பெரும்பாலும் பாதுகாப்புக் கிடைக்கும். 1967-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிரப்படுத்திய திட்டத்தில் வெப்பம் தாங்கும் உறைஉலர் மருந்தும் கவை ஊசியும் சேர்ந்தன. கவை ஊசியின் இரு முனைகளுக்கு இடையே ஒரு சொட்டு மருந்து தங்கி நிற்கும். தோலில் 15 முறை மேலோட்டமாகக் குத்தினால் போதும். சில மணி நேரப் பயிற்சியில் எவரும் கற்றுக்கொள்ளலாம். இனி வேண்டியது, நோய் இருக்கும் வீட்டின் முகவரி.

அந்த முகவரி கிராமத்தில் யாருக்கும் தெரியாத ரகசியமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அயலார் உள்ளே போகமாட்டார்கள். வடக்கே சீதளா தேவியின் பெயரால் இதையொத்த நியமங்கள் இருந்தன. ஊர் முழுவதற்கும் தெரிந்த செய்தி அரசுக்கு மட்டும் தெரியாமல் போனது. காவல்காரர், சுகாதார ஊழியர், மாவட்ட அலுவலகம், மாநிலத் தலைநகர் என்று படியேறிய அறிக்கை ஒவ்வொரு படியிலும் இளைத்தது. தன் பகுதியில் நோய் என்று எழுதுபவருக்கு முதலில் கிடைப்பது கண்டனமாக இருந்ததே முக்கியக் காரணம். 1973-இன் பிற்பகுதியில், நோய் குவிந்திருந்த உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் தொடங்கிய தேடுதல் சுற்றுகள் இந்தப் படிகளைத் தாண்டிச் சென்றன. உடலெங்கும் முத்துகள் எழுந்த ஒரு குழந்தையின் வண்ணப்படம் அச்சிட்ட அட்டையை ஊழியர்கள் சந்தையிலும் பள்ளியிலும் தேநீர்க் கடையிலும் நீட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். எழுத்தறிவு தேவையில்லை, நோயின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. முதல் சுற்றுகளிலேயே, அதுவரை எந்தப் பதிவிலும் ஏறாத நோயாளிகள் ஆயிரக்கணக்கில் தென்பட்டார்கள்.

இதன் விளைவு வெளிப்பார்வைக்குத் தோல்வியாகத் தெரிந்தது. 1973-இல் 88,109 ஆக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை 1974-இல் 1,88,003 ஆனது. பீகாரில் உண்மையிலேயே பெரும் கொள்ளைநோய் மூண்டிருந்தது. அப்போது அம்மாநிலத்தில் இருந்த டாட்டாநகரிலிருந்து ரயிலேறியவர்களோடு நோய் பல ஊர்களுக்குப் போனது. ஆனால் தேடல் கூர்மையானதும் ஏற்றத்துக்கு ஒரு காரணம். பழைய முறைக்கே திரும்பவேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. முறை மாறவில்லை, மாறியது செய்தியின் மதிப்பு. நோயாளியைப் பற்றித் தகவல் தருவோருக்கான வெகுமதி 50 ரூபாயில் தொடங்கி, 100 ஆகி, இறுதியில் 1,000 ரூபாயை எட்டியது. 1975-இல் நாடு முழுவதும் பதிவானது 1,436 பேர். அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு ஒருவரும் இல்லை. 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணையம் இந்தியாவைப் பெரியம்மையிலிருந்து விடுபட்ட நாடாகச் சான்றளித்தது.

ஊசி இல்லாமல் செய்தி என்ன செய்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல பத்தாண்டுப் பொதுத் தடுப்பூசி நோயின் சுமையைக் குறைத்திராவிட்டால் நோயாளிகளைச் சுற்றி வளைப்பது இயலாத காரியமாகியிருக்கும். தென் மாநிலங்கள் முன்னதாகவே பெரும்பாலும் விடுபட்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஊசி தேவை, ஆனால் ஊசி மட்டும் போதவில்லை என்பதே 1962 முதல் 1973 வரையான அனுபவம். வரலாற்றாய்வாளர் பால் கிரீனோ எழுப்பும் மறுப்பு இதைவிடக் கடுமையானது. கடைசிக் கட்டத்தில் கதவை உடைத்து நுழைந்ததும், திமிறியவர்களைப் பிடித்துவைத்துக் குத்தியதும் நடந்தன. ஆகவே இது மக்கள் ஒத்துழைப்பின் வெற்றி என்பது பாதி உண்மை என்கிறார். இதை மறைக்கக் கூடாது. ஆனால் இந்தக் கெடுபிடி நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட பின் நிகழ்ந்தது. அந்த வீட்டைக் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் அக்கம்பக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும். மிரட்டலுக்கு அஞ்சினால் அடுத்த வீடு நோயாளியை ஒளித்துவைக்கும்; அப்போது தேடலே முடங்கும். எனவே பலாத்காரத்தை வெற்றியின் காரணமாகக் கொள்வதைவிட, அந்த வெற்றியின் மீது படிந்த கறையாகக் கொள்வதே பொருந்தும்.

பெரியம்மை தனிவகை நோய் என்பது மூன்றாவது மறுப்பு. முகத்திலேயே தெரியும் நோயைப் படம் காட்டித் தேடலாம். போலியோ வைரஸ் தொற்றிய ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கே கைகால் முடங்கும். மற்றவர்களை எந்த அட்டையைக் காட்டித் தேடுவது? இந்த மறுப்பு தேடும் கருவியை மாற்றச் சொல்கிறது, தேடும் கொள்கையை அல்ல. போலியோ ஒழிப்பில், 15 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கைகால் துவண்டால், காரணம் எதுவாயினும் அறிவிக்கவும் மலமாதிரி அனுப்பவும் விதி வகுத்தார்கள். கழிவுநீரையும் சோதித்தார்கள். இயற்கையாகப் பரவும் வைரஸால் இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுரா மாவட்டத்தில் அறியப்பட்டதும், 2014 மார்ச்சில் சான்று கிடைத்ததும் இந்த வலையின் பலன்.

வலை நிலைப்பதற்கு வெகுமதியும் சட்டமும் மட்டும் போதா. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுநோய்களை அறிவிப்பதை மருத்துவர்களின் கடமையாக்கியது. ஆனால் அறிவிப்பு மேலே போன பிறகு, அனுப்பியவருக்குப் பதில் எதுவும் வரவில்லை. 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் வட ஆற்காடு மாவட்டத்தில் அமைத்த கண்காணிப்பு முறை இந்த இடைவெளியைக் கண்டுகொண்டது. அரசு, தனியார் மருத்துவர்கள் இருசாராரும் அச்சிட்ட அஞ்சலட்டையில் நோயைக் குறித்து அனுப்பினார்கள். திரட்டிய செய்தி மாத இதழாக அவர்களிடமே திரும்பி வந்தது. தான் எழுதிய ஓர் அட்டையால் எந்த ஊரில் என்ன நடவடிக்கை நடந்தது என்று அறிந்த மருத்துவர் அடுத்த அட்டையையும் எழுதுவார். இதே விதி பொதுமக்களுக்கும் பொருந்தும். 1974-இன் எண்ணிக்கை உயர்வைப் போன்ற ஒன்று நாளை நேரும்போது, அதில் எவ்வளவு பரவலால், எவ்வளவு தேடலால் என்று வெளிப்படையாக விளக்குவது சுகாதாரத் துறையின் நற்பெயரைக் காப்பதற்கான விளம்பரப் பணியன்று. தடுப்பு நடவடிக்கையின் ஒரு பகுதி. எண்ணிக்கை குறைந்தால் பாராட்டும் கூடினால் தண்டனையும் தரும் நிர்வாகம் நோயைக் குறைக்காது, அறிக்கைகளைத்தான் குறைக்கும். தடுப்பூசித் திட்டத்தை எடைபோடும் எவரும், குத்திய ஊசிகளின் கணக்கோடு, கெட்ட செய்தி எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்ற கணக்கையும் கேட்டு வாங்கவேண்டும்.